மண்டலமும் புயலும்

கார்த்திகை பொறந்தாலே நம்ம ஊர்ல டீக்கடைப் பேச்சு மாறிடும். டிவியில வானிலை சொல்லும்போது சத்தத்தைக் கூட்டி வைப்பாங்க. 2017-க்கு முன்னாடி அப்படிக் கிடையாது. புயல்னா நாகப்பட்டினம், கடலூர் பக்கம் உள்ள விஷயம், நமக்கு மலை இருக்கு, ஒண்ணும் வராதுன்னு ஒரு நெனப்பு.

அந்த வருசம் நவம்பர் 29 சாயந்தரம் நல்லா நினைவிருக்கு. ஏத்தன் வாழை குலை தள்ளி, வெட்டுக்கு இன்னும் மூணு வாரம்தான். கடலுக்குப் போவாதீங்க, பலத்த காத்து அடிக்கும்னு சொல்லத்தான் செஞ்சாங்க. பக்கத்து வயல் அண்ணாச்சிகிட்ட, "வெளஞ்ச குலையை வெட்டிருவமா"ன்னு கேட்டேன். "என்னவே, மண்டலம்னுதான சொல்லுகான், புயல்னு சொல்லல்லேல்லா?" ன்னார். எனக்கும் அது சரியாத்தான் பட்டுது.

மறுநாள் காலையில அதுக்குப் புயல்னு பேராச்சு. ஒக்கி, வங்கதேசம் வச்ச பேரு, கண்ணுன்னு அர்த்தம். பேரு வரும்போது என் வாழை தரையில கிடந்தது. ரப்பரும் தென்னையும் கரண்டு கம்பத்து மேல கிடந்தது. நம்ம நஷ்டத்தையாவது கணக்குப் போடலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரங்க பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்தாங்க. அவங்க காதுக்கு எந்த அறிவிப்பும் எட்டல.

பொறவுதான் இந்தப் பேரு வைக்கிற கணக்கைத் தெரிஞ்சுகிட்டேன். காத்து மணிக்கு 50-லேருந்து 61 கிலோமீட்டர் வரை இருந்தா ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஆனா புயல். நடுவுல ஒரே ஒரு கிலோமீட்டர். வாழைக்கு உள்ள கட்டையா இருக்கு? மட்டையைச் சுத்தி வச்ச மாதிரிதான் அதோட தண்டு. குலை பாரத்தோட நிக்கிற ஏத்தன், 62 ஆவட்டும்னு காத்துகிட்டு நிக்காது.

அதனாலதான் சொல்லுகேன், விவசாயிக்குப் பேரைவிட வேகம் முக்கியம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலேருந்து, எத்தனை கிலோமீட்டர் வேகத்துல வரும்ங்கிறதை நாலாவது வரியில சொல்லாம மொதல் வரியில சொல்லணும். 'ஓரிரு இடங்களில் கனமழை'ன்னு வாசிக்காங்க. ஓரிரு இடம்னா மழை அளக்கிற நிலையங்கள்ல நூத்துக்கு இருபத்தஞ்சுக்குள்ள, கனமழைன்னா ஆறரை சென்டிமீட்டருக்கு மேல. இந்த அர்த்தம் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்தும் குளச்சல் கடக்கரைக் காத்தும் ஒண்ணா? ரெண்டுக்கும் 'குமரி மாவட்டம்'னு ஒத்த வரி.

சொல்றவங்களை மட்டும் குத்தம் சொல்லல. அந்த மண்டலம் ஒரே ராத்திரியில புயலாச்சு, அதை முன்கூட்டிச் சொல்றது லேசில்ல. ஆனா ஒரு பகல் கெடைச்சாப் போதும். முத்தின குலையை வெட்டலாம். மத்ததுல பாதி இலையைக் கழிச்சுவிட்டா காத்து பிடிக்கிறது குறையும். கம்பு முட்டுக் குடுக்கலாம். எல்லாத்தையும் காப்பாத்த முடியாது, பாதி நிக்கும்.

இப்பமும் வங்கக்கடல்ல ஒண்ணு உருவாகுன்னு செய்தி. அண்ணாச்சி காலையிலேயே போன் பண்ணிட்டார். "புயலா மண்டலமா"ன்னு கேக்கல, "காத்து எத்தனைன்னு போட்டிருக்கான்?"னு கேட்டார். அரிவாளைத் தீட்டி வச்சாச்சு.