‘மீட்டெடுத்த’ தூண் யாரிடமிருந்து மீட்கப்பட்டது?

பெங்களூரில் இரண்டடுக்குத் தனிவீடு கட்டுவோர் மாடிப்படிக்கு வந்து சேரும்போது ஒரு சிறு தேர்வை எதிர்கொள்கிறார்கள். படி கான்கிரீட்டில் வார்த்தாகிவிட்டது. அதன்மேல் கிரானைட்டோ மரப்பலகையோ பதித்தாகிவிட்டது. எஞ்சியிருப்பது கைப்பிடி. அந்தக் கைப்பிடி தொடங்குமிடத்தில், முதற்படியின் ஓரமாக, தடித்த தூண் ஒன்று நிற்கவேண்டும். ஆங்கிலக் கட்டடக்கலை நூல்கள் அதனை நியூவல் என்கின்றன. இங்கே அதை முதல் தூண் என்றே குறிப்பிடலாம்.

படித்த, வசதி படைத்த குடும்பங்கள் இத்தேர்வுக்குக் கண்டுகொண்டுள்ள விடை, செட்டிநாட்டுப் பழைய பர்மாத் தேக்குத் தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் தூண்களில் ஒன்று சேலம், ஓசூர் வழியாக லாரியில் வந்து இறங்குகிறது, நான்கடிக்கு அறுக்கப்படுகிறது, இழைத்து மெருகேற்றப்பட்டு மாடிப்படியின் காலடியில் நிறுத்தப்படுகிறது. புதுமனைப் புகுவிழாவுக்கு வருவோரிடம் அதைக் காட்டி, “இது மீட்டெடுத்த மரம்” என்கிறார்கள். புதுமரம் வெட்டாத புண்ணியமும் மரபைக் காத்த பெருமையும் அந்த ஒரு தொடரில் சேர்ந்துவிடுகின்றன.

அந்தத் தொடரை அப்படியே விட்டுவிடுவதற்கில்லை. ‘மீட்டெடுத்த’ என்பது பெயரெச்சம். ‘வந்த பையன்’ என்றால் வந்தவன் பையனே. ‘உடைத்த பானை’ என்றால் பானை உடைபட்டது. உடைத்தவர் யாரென்று தொடர் சொல்வதில்லை, சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. தமிழ் இலக்கணம் தரும் இந்த வசதியை மர வணிகம் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. மீட்டவர் யார், எங்கிருந்து மீட்டார், அது யார் கையில் சிக்கியிருந்தது என்னும் மூன்று கேள்விகளும் தொடருக்கு வெளியே நிற்கின்றன. அடகு வைத்த நகையை மீட்கிறோம். கடலில் தத்தளிப்பவரை மீட்கிறோம். இரண்டிலும் மீட்கப்படுவதற்கு முன்னே ஓர் இழப்போ ஆபத்தோ இருந்தது. தன் வீட்டு வளவில் போதிகையைத் தாங்கி நின்றிருந்த தூணுக்கு என்ன ஆபத்து நேர்ந்தது? அதைக் கழற்ற ஆள் வந்ததுதான்.

பழந்தமிழ்ப் புறத்திணை மரபில் இதற்கு நல்ல பெயர்கள் உண்டு. ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கியது. பழம்பொருள் சந்தை இரண்டையும் மறுபடி ஒன்றாக்கியிருக்கிறது. வெட்சியாராகப் போனவர்கள் கரந்தைப் பூவைச் சூடிக்கொண்டு திரும்புகிறார்கள்.

எளிய மக்கள் வழக்கில் இதற்கு வேறு பெயர் இருந்தது: ‘இடிச்ச வீட்டுச் சாமான்’. இத்தொடரும் இடித்தவர் பெயரைச் சொல்லாதுதான். ஆனால் இடிப்பு என்னும் செயல் அதில் வெளிப்படையாக நிற்கிறது. பெங்களூர் வரவேற்பறைகளில் இந்தச் சொல் புழங்காததற்கு அதுவே காரணம்.

“அந்த வீடு எப்படியும் இடிந்திருக்கும், தூண் விறகாகப் போயிருக்கும்” என்பது வழக்கமான மறுமொழி. இதில் ஒரு பாதி உண்மை. நகரத்தார் வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி அறை உண்டு. மூன்று, நான்கு தலைமுறைகளில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் சேர்ந்துவிடுகிறார்கள். சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில், சிலர் அமெரிக்காவில். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பாடு எட்டுவதில்லை; மழைநீர் உத்தரத்தில் இறங்குகிறது. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்புகள் இடம்பெற்றிருந்தும் அந்தப் பட்டியல் ஓர் ஓட்டைக்கூட மாற்றிவிடவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம்.

மறைக்கப்படும் மறுபாதி வேறு. பங்காளிகள் வேறு எதிலும் ஒத்துப்போகாவிட்டாலும் விற்பனையில் ஒத்துப்போக முடியும். ஏனெனில் பணத்தைப் பங்கிடலாம், வளவைப் பங்கிட இயலாது. வீட்டை நிறுத்திவைப்பதற்கு ஆண்டுதோறும் செலவு. கழற்றி விற்றால் ஒரே நாளில் வரவு. தூணுக்கு ஒரு விலை, கதவு நிலைக்கு ஒரு விலை, உத்தரத்துக்கு அடிக்கணக்கில் ஒரு விலை என்று நகரம் பட்டியல் போட்டுக் காத்திருக்கும்போது, பழுதுபார்ப்போமா விற்போமா என்னும் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. புதிய பர்மாத் தேக்கு அரிதாகும்போது பழைய பர்மாத் தேக்கு நிற்கும் வீடுகளே காடாகிவிடுகின்றன. வாங்குவோர் இடிப்பின் சாட்சிகளாகத் தம்மைக் காட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் இடிப்பின் தரப்பினர்.

‘மரபு’ என்று பெருமை பேசுவோர் அந்தத் தேக்கின் மரபை முழுதாகவே பேசட்டும். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் மேல்பர்மாக் காடுகளில் வெட்டிய தேக்குக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தவில்லை என்று மன்னர் தீபோவின் அரசு தண்டம் விதித்ததே 1885இன் மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு உடனடிச் சாக்காக அமைந்தது. கீழ்பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்த நகரத்தார், உலகப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது அடமான நிலங்களின் உடைமையாளர்களானார்கள்; 1930களின் இறுதியில் முதன்மையான நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினர். அந்தத் தூணுக்குள் இருப்பது இந்த வரலாறு. காரைக்குடி வட்டாரத்தில் ஊரோடும் குடும்பத்தோடும் கணக்கேடுகளோடும் அது பிணைந்திருந்தவரை அதை வாசிக்க வழி இருந்தது. ஊர்ப்பெயர்கூட இல்லாத ரசீதோடு வரும் நான்கடித் துண்டில் ஒரு சொல்லும் வாசிக்க இயலாது.

இவ்விடத்தில் கல்விப்புலத்தாரின் பங்கையும் சொல்லவேண்டும். பொருள்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்று இகோர் கோபிடாஃப் 1986இல் எழுதிய கட்டுரை கருத்தரங்குகளில் ஓயாது எடுத்தாளப்படுகிறது. அதைக் காட்டி, தூண் மாடிப்படிக்கு வந்ததைப் பொருளின் ‘இரண்டாம் வாழ்வு’ என்று மெச்சும் ஆய்வுரைகளுக்குக் குறைவில்லை. கோபிடாஃப் அக்கட்டுரையைத் தொடங்குவது அடிமைமுறையிலிருந்து என்பதை மட்டும் அவை வசதியாக மறந்துவிடுகின்றன. ஒருவரைத் தம் சமூகத்திலிருந்து பிய்த்தெடுத்து விலைப்பொருளாக்குவது எப்படி நிகழ்கிறது என்பது அங்கே அவர் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை வீட்டு அலங்காரத்துக்குச் சான்றிதழாக மாற்றுவது சோம்பேறித்தனம்.

சரி, அறத்தை ஒதுக்கிவைத்துத் தச்சுவேலையை மட்டுமே பார்த்தாலும் இந்தத் தேர்வு தவறானது. வளவுத் தூண் செங்குத்துச் சுமையைத் தாங்குவது. கல் ஆதாரத்தின்மேல் நிற்கிறது. மேலே போதிகையும் உத்தரமும் கூரையும் அழுத்துகின்றன. அந்த அழுத்தமே அதை நிலையாக நிறுத்துகிறது. பெங்களூர்க் கோட்டையருகே ஹைதர் அலி 1781இல் தொடங்கி திப்பு சுல்தான் 1791இல் முடித்த கோடைக்கால அரண்மனையின் தேக்குத் தூண்களைச் சென்று பார்த்தால் இது விளங்கும்.

மாடிப்படியின் முதல் தூணுக்கு மேலே எதுவும் இல்லை. அதற்கு வரும் சுமை பக்கவாட்டில். இறங்கும் முதியவர் சாய்கிறார், குழந்தை தொங்குகிறது, பீரோ தூக்கிச் செல்பவர் இடிக்கிறார். கணக்கு எளியது. 90 செ.மீ. உயரத்தில் 50 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளினால், 15 செ.மீ. அகல அடிப்பாகத்தின் நடுவில் இறக்கிய ஒற்றைத் திருகுதண்டு ஏறத்தாழ 600 கிலோ இழுவிசையை ஏற்கவேண்டும். அந்தத் தண்டு பிடித்திருப்பது, நூறாண்டு உலர்ந்து நெடுக வெடிப்போடிய மரத்தின் வெட்டுமுகத்தில். கான்கிரீட் வார்க்கும்போதே குழிவிட்டுத் தூணின் காலை உள்ளே இறக்கியிருந்தால் சிக்கல் குறையும். ஆனால் பழந்தூண் வாங்குவோர் படி முடிந்த பிறகே அதை வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் தச்சர்கள் எடுத்துச் சொல்வார்கள், கேட்க ஆளிருந்தால். முதல் தூணைக் கடைசல் பிடிக்கும்போது கைப்பிடி வந்து சேருமிடத்தையும் படியோரப் பலகை சேருமிடத்தையும் சதுரமாகவே விட்டுவிடுவது முறை. துளையும் கழுந்தும் பொருந்தத் தட்டையான முகம் வேண்டும். செட்டிநாட்டு உருண்டைத் தூணில் அப்படியொரு முகம் கிடையாது. ஆகவே கைப்பிடியின் நுனியைக் குடைந்து வளைவில் ஒட்டி, திருகாணி முடுக்கி, மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கிறார்கள். மேலிருந்து கீழாகத் தடிமன் மாறும் தூணை நடுவில் அறுத்தால் போதிகையும் போய்விடும், அளவொழுங்கும் போய்விடும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது ஆடுகிற ஒரு கட்டை.

பழைய வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தவே கூடாதென்பது இதன் பொருளன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும், மணிப்பாலில் விஜயநாத் ஷெணாய் உருவாக்கிய ஹஸ்தசில்பா மரபூரிலும் வீடுகள் அப்படித்தான் வந்தன. அங்கே பெயர்த்தது வீடு. தூண் தன் உத்தரத்தோடும் உத்தரம் தன் கூரையோடும் வந்து சேர்ந்தன. எந்த ஊர் வீடு என்பதைப் பார்வையாளர் படித்தறியலாம். மெருகேற்றிய நான்கடித் துண்டோடு அதை ஒரே வரியில் ‘பாதுகாப்பு’ என்று எழுதுவது நேர்மையாகாது.

வேடிக்கை என்னவென்றால், காரைக்குடிக்கு ஆளனுப்பும் அதே நகரத்தில், 1890களில் வகுக்கப்பட்ட பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் பழைய பங்களாக்கள் அடுக்ககங்களுக்காக இடிக்கப்படுகின்றன. மரப்படியும் கைப்பிடியும் முதல் தூணுமாக, மாடிப்படிக்கென்றே கடையப்பட்ட உறுப்புகள் அவற்றில் சிலவற்றிலேனும் இருந்தன. அவை குஜரிக் கடைக்குப் போகின்றன. தன் தெருவில் இடிவது பழைய சாமான். நானூறு கிலோமீட்டர் தள்ளி இடிவது மரபு!

அப்படியானால் எந்த மரம்? தோட்டத் தேக்கு. 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கியது முதல் தென்னிந்தியாவில் நட்டு வளர்த்த தேக்கு கிடைத்துவருகிறது. கர்நாடக வனத்துறை தாண்டேலிக் கிடங்கில் ஏலம் விடுகிறது. வெளிறு நீக்கிய, வைரம் பாய்ந்த, நன்கு உலர்ந்த ஒற்றைத் துண்டு போதும். வேங்கையும் வலிமையானதே, ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடும், சுவரோரம் கவனம் தேவை. பலாவை நாளடைவில் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பாக மாறும் நிறத்துக்காகவே விரும்புவோர் உண்டு. எது தேக்கு, எது தேக்குச் சாயம் பூசிய வேறு மரம் என்னும் ஐயம் எழுந்தால், மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சிறு மாதிரி கொடுத்தால் இனம் கண்டு சொல்வார்கள். ‘பர்மாத் தேக்கு’ என்று விற்பவர் சொன்னதை நம்பிப் பெருந்தொகை கொடுப்போர், அதே நகரத்தில் உள்ள அந்த வாசலை மிதிப்பதில்லை.

ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பெங்களூருக்கு வந்து உழைக்கும் தச்சர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, சதுர முகம் விட்டுக் கடைந்து, கால் நீளம் அதிகம் வைத்து, கான்கிரீட் வார்ப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம். அந்தத் தூணுக்குப் பழம்பெருமை எதுவும் இராது. கடைந்தவர் யார், எந்தக் கிடங்கின் மரம், எந்த ஆண்டு என்பவற்றை ரசீதிலேயே எழுதி வாங்கலாம்.

அப்படியும் பழந்தூண்தான் வேண்டும் என்போர் கடைக்காரரிடம் குறைந்தது இவற்றையேனும் எழுதிக் கேட்கட்டும்: எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டின் எந்தக் கட்டில் நின்ற தூண், கழற்றுவதற்கு முன் எடுத்த நிழற்படம் உண்டா, இதனோடு நின்ற மற்றத் தூண்கள் எங்கே.