பேய்க்குப் பங்களா, நமக்கு?

பேய்ப் படம் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்பவர்கள் உண்டு. நமக்கும் வரவில்லை. கதையிலிருந்த ஓட்டைகளை எண்ணி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது!

படத்தின் பெயர் ‘டிமான்ட்டி காலனி’. அஜய் ஞானமுத்து இயக்கத்தில் அருள்நிதி நடித்து 2015 மே மாதம் வெளிவந்தது. நன்றாக ஓடியது. 2024இல் இரண்டாம் பாகமும் வந்தது. காலனி கற்பனை இல்லை. சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள இடம்தான். ஜான் டிமான்ட்டி என்ற போர்ச்சுக்கீசிய வணிகர் தம் சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்துவிட்டு மாண்டார். அவர் பெயரைத் தாங்கிய காலனியில் வீடுகள் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தன. மனிதர் இல்லாத வீட்டில் வதந்தி குடியேறியது. வதந்தியைப் பட முதலாளி வாங்கினார். டிக்கெட் நாம் வாங்கினோம்.

கதை இதுதான். நான்கு வாலிபர்கள் ஒரே அறையில் வசிக்கிறார்கள். ஒரு ராத்திரி குடித்துவிட்டுப் பேய் பங்களாவுக்குள் நுழைகிறார்கள். ஒருவன் அங்கிருந்த நகையைச் சுருட்டி வந்துவிடுகிறான். பேய் பின்னாலேயே வந்து, அறைக்குள் அடைத்து வைத்துத் தீர்த்துக் கட்டுகிறது.

நாம் கொஞ்சம் விசாரிப்போமா?

முதலாவது: பேய்க்கு வேண்டியது நகை. கதவைச் சாத்த முடிகிற பேய்க்கு, தொலைக்காட்சிப் பெட்டியில் படம் காட்ட முடிகிற பேய்க்கு, நகையை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர முடியாதா?

இரண்டாவது: சென்னையில் சுவரோடு சுவர் ஒட்டிய குடித்தனங்கள். குழாயடியில் ஒரு குடம் இடம் மாறினால் தெருவே கூடிவிடும். நான்கு ஆண்பிள்ளைகள் அலறுகிறார்கள், ‘என்னப்பா சத்தம்?’ என்று கேட்க ஒரு நாதி இல்லை!

மூன்றாவது: இத்தனை பெரிய பங்களாவை விட்டுவிட்டு, நான்கு பேர் கால் நீட்ட இடமில்லாத அறைக்கு எந்தப் பேயாவது குடிவருமா?

இந்தப் படம் மட்டும் என்ன! 2005இல் வந்த ‘சந்திரமுகி’யின் அரண்மனையில் பெரிய பாம்பு ஒன்று ஊர்கிறதே, அது எதற்கு வந்தது என்று கடைசி வரை யாராவது சொன்னார்களா?

தோப்பில் முனி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மிராசுதாருக்குக் காவற்காரன் கூலி மிச்சம். இது கிராமத்துத் தோழர்களுக்குத் தெரியும். ராத்திரி ஷிப்டு முடிந்து சுடுகாட்டு வழியே வீடு திரும்பும் மில் தொழிலாளியை எந்தப் பேயும் மறித்ததில்லை. மறித்தவன் வட்டிக்காரன்தான்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை வேறு இருக்கிறது. கலியாணமாகாத நான்கு வாலிபர்களுக்குச் சென்னையில் அறை கிடைத்ததே, அது எப்படி? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வீடு தேடிப் பாருங்கள். என்ன சாதி, கறி சமைப்பீர்களா என்று கேள்வி. பிறகு பத்து மாத வாடகை அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வாலும் அதில் இருக்கிறது. அந்த ஓட்டையில் பாம்பென்ன, யானையே நுழையும்!

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். நகரங்களில் சுமார் 1 கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று 2012இல் மத்திய அரசின் நிபுணர் குழு கணக்கிட்டது. அத்தனை காலி வீடுகளிலும் பேயா குடியிருந்தது? விலை ஏறட்டும் என்ற ஆசையும் அதில் குடியிருந்தது.

ஆழ்வார்பேட்டைக்கு அருகிலேயே ராஜா அண்ணாமலைபுரம் இருக்கிறது. அங்கே பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் அங்கே ஏழைகளின் வீடுகளை இடித்தார்கள். அதை எதிர்த்துத் தீக்குளித்த ஒரு முதியவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நாம் நடுங்கினோம். அந்தக் கதையில் பேய் இல்லை. ஓட்டையும் இல்லை.

பேய்ப் படத்தைப் பாருங்கள், தோழர்களே, சிரித்துவிட்டு வாருங்கள். வெளியே வந்ததும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: பேய்க்குப் பங்களா இருக்கிற ஊரில், மனிதனுக்கு ஒரு குடிசை நிற்க இடமில்லாமல் போனது எப்படி?