பெட்ரோல் ஹோஸ் மேல ஸ்டீல் பின்னல் இருந்தா கார் பத்திரமா? ஈ20 காலத்தில் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். பானெட்டைத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை. மெக்கானிக் எட்டிப் பார்க்கிறார். "ஹோஸ் போயிடுச்சு சார். இப்ப வர்ற பெட்ரோல் அப்படி. ஸ்டீல் பின்னின ஹோஸ் போட்டுடலாம், அப்புறம் கவலையே இல்ல" என்கிறார். எடுத்துக் காட்டும் ஹோஸ் பளபளவென்று இருக்கிறது. வெளியே ஸ்டீல், அதனால் பலமாகத்தான் இருக்கும் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் நாடு முழுவதும் வந்த பிறகு, இந்தப் பேச்சு ஆர்வலர்களின் ரேஸ் காரைத் தாண்டி ஆபீஸ் போகும் சாதாரண காருக்கும் வந்துவிட்டது. பிரெய்டட் ஹோஸ் எனப்படும் இந்தப் பின்னல் குழாய் உண்மையிலேயே பாதுகாப்பைக் கூட்டுமா?

சுருக்கமான பதில் இது. பின்னல் அழுத்தத்தைத் தாங்கும். பெட்ரோலைத் தாங்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத உள் லேயர். ஒழுக்கு ஆரம்பிப்பதோ பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான்.

முதல்ல, ஃபியூல் ரெயில்னா என்ன?

டேங்க்குக்குள் ஒரு மின்சார பம்ப் இருக்கிறது. அது தள்ளும் பெட்ரோல் ஃபில்டரைக் கடந்து, காரின் அடிப்பக்கமாக உலோகக் குழாயிலோ கெட்டியான நைலான் குழாயிலோ ஓடி எஞ்சின் அருகே வருகிறது. அங்கே எஞ்சின் மேல் ஒரு சின்னக் கம்பி போல இருப்பதுதான் ஃபியூல் ரெயில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதில்தான் செருகப்பட்டிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காரின் அடிப்பக்கக் குழாய் ஆடாது. எஞ்சின் ஆடும். ரெயில் எஞ்சினோடு சேர்ந்து ஆடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் வளையக்கூடிய ஒரு துண்டு தேவை. நாம் பேசுவது அந்தச் சின்னத் துண்டைப் பற்றித்தான்.

அதற்குள் எவ்வளவு அழுத்தம்? பழைய கார்புரேட்டர் வண்டிகளில் 3 முதல் 6 பிஎஸ்ஐ இருந்தால் போதும். இன்ஜெக்ஷன் கார்களில் பொதுவாக 43 முதல் 58 பிஎஸ்ஐ வரை, அதாவது 3 முதல் 4 பார். நம் கார் டயரில் அடிக்கும் காற்று 32, 33 பிஎஸ்ஐ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் பனிச்சாரல் மாதிரி பீய்ச்சும். எஞ்சின் ஓடும் வரை பம்பும் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் சீக்கிரம் கலைந்து போகாமல் கீழே தங்கும்.

ஈ20 இதுக்குள்ள எப்படி வந்துச்சு?

2014-இல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு சுமார் 1.5 சதவீதம். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. முதலில் 2030 என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை அரசு 2025-26-க்கு முன்னே இழுத்தது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில் பிரதமர் மோடி ஈ20 விற்பனையைத் தொடங்கி வைத்தார். 2025-இல் நாடு 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கைப்படி, ஈ20-ஐத் தாங்கும் பாகங்கள் கொண்ட வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்து வர வேண்டும். ஈ20-க்கென்றே டியூன் செய்த எஞ்சின்கள் 2025 ஏப்ரலிலிருந்து. அப்படியென்றால் அதற்கு முன் வாங்கிய கார்கள்?

2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில் இதற்கு ஒரு வரி பதில் இருக்கிறது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்களையும் மாற்றச் சொல்லலாம், அதற்கு அதிகம் செலவாகாது, வழக்கமான சர்வீஸிலேயே முடித்துவிடலாம் என்றது. எந்த ரப்பர், எந்தத் தரம் என்று அந்த வரி சொல்லவில்லை. ஈ20 இல்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்பு வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆக, பங்க்கில் தேர்வு இல்லை. காருக்குள் எந்த ஹோஸ் போடுவது என்பதில் மட்டும்தான் தேர்வு இருக்கிறது.

எத்தனால் ரப்பரை என்ன செய்யும்? எல்லா ரப்பரையும் கெடுக்காது. ஆனால் இயற்கை ரப்பரும் சில மலிவான கலவைகளும் எத்தனாலை உறிஞ்சி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். ஃப்ளூரோ ரப்பர், அதாவது கடைகளில் 'வைட்டான்' என்று சொல்லப்படுவதும், டெஃப்லானும் நன்றாகத் தாங்கும்.

கேரளத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. ரப்பர் பெட்ரோல் குழாய்களைச் சிறு வண்டுகள் துளைக்கின்றன என்று புகார்கள் வர, அந்த மாநில மோட்டார் வாகனத் துறையே மக்களை எச்சரித்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் காரணம் உண்டு. நலிந்த மரங்கள் எத்தனால் வாசனையை வெளியிடும். அந்த வாசனையைப் பிடித்துப் போய் மரத்தைத் துளைக்கும் வண்டு இனங்கள் இருக்கின்றன. நம் ஹோஸிலிருந்து கசிவதும் அதே வாசனைதான்.

சரி, பின்னல் என்ன பண்ணும்?

உள் குழாய் அழுத்தத்தில் உப்பாமல் இறுக்கிப் பிடிக்கும். வெளியே உராய்விலிருந்து காக்கும். எலி, வண்டு தொல்லை இருக்கும் இடங்களில் ஓரளவு தடுப்பாகவும் இருக்கும். இதெல்லாம் நிஜமான நன்மைகள்தான்.

ஆனால் மூன்று விஷயங்களைப் பின்னல் செய்யாது, அல்லது இன்னும் மோசமாக்கும்.

ஒன்று, உள்ளே மலிவான ரப்பர் இருந்தால் வெளியே எவ்வளவு ஸ்டீல் சுற்றினாலும் எத்தனால் அதைத் தின்னும். சாதாரண ஹோஸில் வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பின்னல் அதை மறைத்துவிடும். வாடை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இரண்டு, ஸ்டீல் பின்னல் ஒரு அரம் மாதிரி. எஞ்சின் அதிர அதிர, பக்கத்தில் தொடும் வயரையும் அலுமினியக் குழாயையும் அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கிளாம்ப் போட்டு எதையும் தொடாமல் நிறுத்த வேண்டும்.

மூன்று, ரப்பர் ஹோஸின் முனையும் பின்னல் ஹோஸின் முனையும் ஒன்று கிடையாது. பழைய கிளிப்பை அப்படியே பின்னல் மேல் போட்டு இறுக்கினால், அது பின்னலை நசுக்குமே தவிர உள் குழாயைச் சமமாகப் பிடிக்காது. 'ஹோஸ் நல்ல ஹோஸ்தான், ஆனா ஒழுகுது' என்ற புகார் பிறக்கும் இடம் இதுதான்.

இணைக்கிற இடத்துலதான் விஷயம் இருக்கு

இன்றைய பெரும்பாலான கார்களில் ரெயிலின் வாய் 'குவிக் கனெக்டர்' வகை. டக் என்று சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். அதில் பின்னல் ஹோஸைக் கொண்டுவர வேண்டுமானால், ஒரு பக்கம் அந்த ரெயிலின் அளவுக்கான குவிக் கனெக்டரும் மறுபக்கம் ஹோஸுக்கான திருகும் கொண்ட அடாப்டர் தேவை. வாயை அறுத்து ஹோஸைச் செருகி கிளிப் போடுவது வேலை இல்லை, ஆபத்து.

பின்னல் ஹோஸில் வழக்கமாக வருவது 'ஏஎன்' ஃபிட்டிங். அமெரிக்க ராணுவ, கடற்படை விமானத் தரத்திலிருந்து வந்த பெயர். 'டேஷ் 6' என்றால் ஒரு அங்குலத்தில் 16-இல் 6 பங்கு, அதாவது 3/8 அங்குலக் குழாய்க்கானது. இதில் ஒழுக்கைத் தடுப்பது மரை கிடையாது. 37 டிகிரி கூம்பு ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் அது அடைபடுகிறது. அதனால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டருக்கும் கேடு. 45 டிகிரி கூம்புள்ள வேறு வகை ஃபிட்டிங்கோடு இதைச் சேர்த்தால் இறுகியது போலத் தெரியும், ஆனால் ஒழுகும்.

டெஃப்லான் லைனிங் உள்ள ஹோஸுக்குத் தனி ஃபிட்டிங். உள்ளே ஒரு சின்ன வளையம் இருக்கும். ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங்கை இதில் போட்டால் பிடிக்காது. பெட்ரோல் ஓடும்போது நிலை மின்சாரம் சேரும் என்பதால், பெட்ரோலுக்கு வாங்கும் டெஃப்லான் ஹோஸ் கார்பன் கலந்த, மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தத் துண்டு ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிறது. ஹோஸை வெட்டும்போது விழும் ரப்பர் தூளும் ஸ்டீல் இழையும் நேராக இன்ஜெக்டருக்குத்தான் போகும். டேப் சுற்றி வெட்டி, உள்ளே சுத்தம் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

உங்கள் எஞ்சின் 'டைரக்ட் இன்ஜெக்ஷன்' வகையா? அப்படியென்றால் ரெயிலில் அழுத்தம் 150 பாருக்கு மேலேயே போகும். அங்கே ஸ்டீல் குழாய் மட்டும்தான். எந்த ஹோஸும் கூடாது.

ஒழுகினா யார் பொறுப்பு?

2021 ஏப்ரலிலிருந்து, தயாரிப்புக் குறை இருந்தால் அரசே ரீகால் உத்தரவு போடலாம். நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிறுவனங்கள் தாமாகவும் அழைத்திருக்கின்றன. 2014-இல் மாருதி சுசுகி, பெட்ரோல் நிரப்பும் குழாய்ப் பகுதியை மாற்ற 1,03,311 கார்களை அழைத்தது. 2020-இல் ஃபியூல் பம்ப் பிரச்சினைக்காக 1,34,885 கார்களை.

ஆனால் அரசின் கட்டாய ரீகால் 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஈ20-ஆல் ரப்பர் கெட்டுப்போகும் அபாயம் அதிகம் உள்ளதோ அதைவிடப் பழைய கார்களுக்கு. தவிர, பெட்ரோல் மாறியதால் பாகம் கெட்டால் அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்வதும் கஷ்டம். வாரண்டியும் முடிந்திருக்கும். எனவே அந்தச் செலவும் தீர்மானமும் உரிமையாளரும் தெருமுனை மெக்கானிக்கும் பேசி முடிக்கிற விஷயமாகிவிட்டது.

இன்சூரன்ஸ்? ஈ20 போடுவதால் காப்பீடு செல்லாமல் போகாது என்று அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேய்ந்த ஹோஸை அதே தரத்தில் மாற்றுவதும் பராமரிப்புதான். ஆனால் தரம் தெரியாத ஹோஸும் ஃபிட்டிங்கும் போட்டு, பில்லும் இல்லாமல் இருந்தால், தீ விபத்துக்குப் பிறகு சர்வேயர் முன்னால் நம் கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

முதலில் கம்பெனி பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். அதே மாடலின் 2023-க்குப் பிந்தைய காருக்கு வரும் ஈ20 ஹோஸ் உங்கள் காருக்கும் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். பொருந்தினால் பின்னல் பேச்சே வேண்டாம்.

வெளி ஹோஸ்தான் என்றால், அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்றால் இன்ஜெக்ஷன் கார்களுக்கானது, 100 பிஎஸ்ஐ தாங்கும். 'ஆர்6', 'ஆர்7' என்றால் 50 பிஎஸ்ஐ வகை, கார்புரேட்டர் வண்டிகளுக்கானது. எதுவுமே அச்சிடவில்லையா? வாங்காதீர்கள். பின்னல் ஹோஸ் என்றால் 'உள்ளே என்ன லைனிங்?' என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்த ஹோஸ் வேண்டாம்.

வேலை நடக்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும். மாட்டி முடித்து ஃபியூஸையும் பேட்டரியையும் சேர்த்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் பண்ணி, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். ஒரு வாரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

வெறும் சில நூறு ரூபாய் ஹோஸுக்கு இவ்வளவு விசாரணையா என்று தோன்றலாம். 'சில ரப்பர் பாகங்கள்' என்று அமைச்சகம் சொன்னதை ஒவ்வொரு மாடலுக்கும் பாக எண்ணோடு நிறுவனங்கள் வெளியிட்டுவிட்டால், இந்தக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. அதுவரை ஹோஸ் மேல் இருக்கும் அந்தப் பொடி எழுத்தை நாமே படிக்க வேண்டியிருக்கிறது. பானெட்டைத் திறக்கும்போது பெட்ரோல் வாடை வந்தால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.