20 வயதில் ஏன் வருகிறது மனச்சிதைவு? மூளைக்குள் நடப்பது என்ன?

காலை ஷிஃப்ட் நேரத்தில் அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்க. ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போகும் 20 வயது இளைஞர்கள் பலர் இருப்பார்கள். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இந்த வயதில்தான். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் இந்த வயதில்?

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில் தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளை உருவாக்குகிறது. பதின்ம வயதில் வேண்டாதவற்றை நீக்குகிறது. செடியைக் கவாத்து செய்வது மாதிரிதான். திட்டமிட, முடிவெடுக்க உதவும் நெற்றிப் பகுதியில் இந்த வேலை கடைசியாகத்தான் முடியும். அதற்கு 20 வயதும் தாண்டிவிடும்.

கவாத்து அளவுக்கு மீறினால்?

1982-ல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ஃபைன்பெர்க் எழுப்பிய சந்தேகம் இது. 2016-ல் சுமார் 65,000 பேரின் மரபணுத் தகவல்களை அலசிய ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. சி4 என்ற மரபணு அதிகம் செயல்பட்டால் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. எலிகளின் மூளையில் இணைப்புகளை நீக்குவதில் இதற்குப் பங்கு உண்டு என்றும் தெரியவந்தது. ஆனால் இது மட்டுமே காரணம் அல்ல. பதின்ம வயது கஞ்சா பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

எப்படி அடையாளம் காண்பது?

தூக்கம் கெடும். நண்பர்களை விட்டு ஒதுங்குவார்கள். காரணமில்லாத சந்தேகம் வரும். யாரும் பேசாமலே குரல் கேட்கும். 'நைட் ஷிஃப்ட் அலுப்பு', 'காதல் தோல்வி', 'செய்வினை' என்று நினைத்து வீட்டில் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீள்வதும் கடினமாகிறது.

குணமாகுமா?

1980-களில் சென்னையில், நோய் புதிதாகத் தொடங்கிய 90 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தனர். பத்து ஆண்டுகளில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் சந்தேகத்தையும் குரல்களையும் குறைக்கின்றன. குடும்பத்தின் துணையும், மீண்டும் வேலைக்குப் போவதும் அதே அளவு முக்கியம்.

எங்கே போவது?

டெலி மனஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

உங்க வீட்டுப் பையனோ பொண்ணோ திடீர்னு ஆளே மாறிட்டாங்கன்னு தோணுதா? திட்டாதீங்க, மந்திரிக்கவும் கூட்டிப்போக வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்க.