சிலைக்கு ஒரு மேலங்கி

சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மேலைநாடுகளில் சிலைகளுக்கு உல்லன் நூலில் ராட்சச உடுப்புப் பின்னி மாட்டுகிறார்களாம். தூத்துக்குடிப் பக்கமும் அப்படியொன்று நடந்தால் நம் கலைப் பிரக்ஞை ஓர் அங்குலம் உயருமாம். சாகுபுரத்து வெயிலில் உல்லன் என்பதை விட்டுவிடுகிறேன். நண்பரின் உற்சாகத்தில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: பின்னுவது யார்?

ஓலெக் என்ற போலந்துக் கலைஞர் 2010 டிசம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் காளைக்குக் குரோஷா உடுப்பு மாட்டினார். அனுமதி கேட்கவில்லை, அந்த வெண்கலக் காளையே 1989-ல் அனுமதியின்றி வந்து நின்றதுதான். சில மணி நேரத்தில் உடுப்பை அகற்றிவிட்டார்கள். பணத்தின் திமிருக்குப் பாட்டி வீட்டுப் பின்னலைப் போர்த்திய அந்தக் கேலியில் அர்த்தம் இருந்தது. 2015-ல் அவரே டில்லியில் ஓர் இரவுத் தங்குமிடத்தைப் பின்னலால் மூடினார். உதவிய கைகள் பல. வெளியே தெரிந்த பெயர் ஒன்று. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை விரிக்கப்பட்டுக் கின்னஸில் ஏறியது. எத்தனையோ பெண்களின் இரவுகள் ஓர் எண்ணாகச் சுருங்கின. கட்அவுட்டுகளைப் பார்த்து வளர்ந்த நமக்காவது பிரம்மாண்டம் வேறு, கலை வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தென்கோடிக்கு இந்த நூல் வேலை புதிதல்ல. மார்த்தா மால்ட் 1820 வாக்கில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெலை மணந்து, இங்கிருந்து தெற்கே இருக்கும் இடையன்குடிக்கு அதே வேலையைக் கொண்டுவந்தார். லேஸ் ஒரு மனுஷியை அடிமைத்தனத்திலிருந்து மீட்டிருக்கிறது. நண்பர் சிலாகிக்கும் எந்தச் சிலையுடுப்பு அவ்வளவு செய்தது?

கால்டுவெலுக்கு 1968-ல், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, மெரினாவில் சிலை வைத்தோம். சரிதான். பின்னியவர்களுக்கு என்ன வைத்தோம்? நான் உட்கார்ந்து இதை எழுதும் ஊரின் பெயரே ஆலை நிறுவிய சாஹு குடும்பத்தின் பெயர். உப்பு வாருகிறவள் பெயரில் ஊர் அமைவதில்லை. பொதுக்கலை என்று நாம் கொண்டாடப்போவதும் இந்தப் பழைய ஏற்பாட்டுக்குப் போடும் புதுச் சாயம்தான் என்றால், அது இல்லாமலே இருந்துவிடலாம்.

நண்பருக்கு என் எதிர்யோசனை இது. உடுப்புப் பின்னியே ஆகவேண்டுமென்றால் மெரினாவில் நிற்கும் அந்தக் கால்டுவெலுக்கு ஒரு மேலங்கி பின்னுவோம். நூல் பருத்தியாக இருக்கட்டும். இடையன்குடிப் பெண்கள் கூலி பேசிப் பின்னட்டும். பூ, கொடி வேண்டாம். பின்னுகிறவர்களின் பெயர்களே வேலைப்பாடாக இருக்கட்டும். யோசனை சொன்ன நம் பெயர்களையும் ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம், இடம் மிஞ்சினால்.