குரங்குப் பாதம் கேட்டதைத் தரும்

இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய சார்ஜன்ட் மேஜர் ஒருவர், மழையும் குளிருமான ஓர் இரவில் நண்பர் ஒயிட்டின் வீட்டுக்கு வருகிறார். பையில் உலர்ந்துபோன குரங்குப் பாதம். பக்கிரி ஒருவர் மந்திரித்துக் கொடுத்தது. மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம் தரும். பேச்சுக்கு நடுவே அதைக் கணப்புத் தீயில் வீசுகிறார் மேஜர். ஒயிட் பதறிப்போய் எடுத்துவிடுகிறார்.

டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய 'குரங்கின் பாதம்' கதை இது. வீட்டுக் கடனை அடைக்க ஒயிட் கேட்பது 200 பவுன். மறுநாள் மகன் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். பையன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனிக்குப் பொறுப்பில்லை, ஆனாலும் அவன் உழைப்பை மதித்து ஒரு தொகை தருகிறது. சரியாக 200 பவுன்.

நித்தியத்துவம் கேட்கப்போய் நித்திரைத்துவம் கேட்ட கும்பகர்ணனுக்கு நாக்கு குழறியது. ஒயிட்டுக்கு எதுவும் குழறவில்லை. கேட்டது பிசகாமல் கிடைத்தது. கதையின் பயங்கரம் அங்கேதான் இருக்கிறது.

இதை வெறும் பேய்க் கதையாகப் பார்க்காதவர் கணித மேதை நார்பர்ட் வீனர். மறைந்த ஆண்டான 1964-ல் வெளிவந்த 'காட் அண்ட் கோலெம், இன்க்' நூலில், கற்றுக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றி எச்சரிக்க இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். சொன்னதைச் செய்யும் இயந்திரம், சொல்ல மறந்ததை ஊகித்துக்கொள்ளாது என்பது அவர் கவலை.

2016-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் படகுப் பந்தய விளையாட்டு ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுத்தது. வழியிலுள்ள இலக்குகளை இடித்தால் மதிப்பெண். படகு ஒரு மூலையில் ஒதுங்கி, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்குகளைச் சுற்றிச் சுற்றி இடித்தது. தீப்பிடித்தது, மற்ற படகுகள் மீது மோதியது. பந்தயத்தை முடிக்கவே இல்லை. மனிதர்களைவிட சராசரியாக 20 சதவீதம் அதிக மதிப்பெண்!

விளையாட்டென்றால் சிரிக்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளை அடையாளம் காட்டிய ஒரு மென்பொருளைப் பற்றி 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வெளியானது. நோயின் கடுமையை அளப்பது சிரமம். எனவே சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று கணிக்கச் சொல்லியிருந்தார்கள். அதே அளவு நோயுள்ள வெள்ளையரைவிடக் கருப்பினத்தவருக்கு அங்கே குறைவாகவே செலவிடப்பட்டு வந்தது. ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று முடிவுகட்டியது மென்பொருள். நிறம் பற்றிய தகவலே அதற்குத் தரப்படவில்லை. கவனிப்புக்குத் தேர்வானவர்களில் கருப்பினத்தவர் 17.7 சதவீதம்; கோளாறைச் சரிசெய்தால் 46.5 சதவீதமாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்து கேள்வியை மாற்றிப் பார்த்தபோது பாரபட்சம் 84 சதவீதம் குறைந்தது.

ஒயிட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மகனைத் திருப்பிக் கேட்பது இரண்டாவது வரம். சிதைந்து, புதைக்கப்பட்டவன் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறான். தாழ்ப்பாளை நீக்கத் தாய் போராடும்போது ஒயிட் மூன்றாவது வரத்தைக் கேட்க, தட்டும் சத்தம் நிற்கிறது. நிறுத்துவதற்கென்று ஒரு வரம் மிச்சமிருந்தது.

பாதத்தின் முந்தைய சொந்தக்காரர் மூன்றாவது வரமாகச் சாவைக் கேட்டார் என்பதை மேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதையும் கேட்டுக்கொண்டு, தீயிலிருந்து எடுத்த கையோடு ஒயிட் விசாரித்தது வரம் கேட்கும் முறையைத்தான்.