ஒரு பெட்டியைத் திருப்பி வையுங்கள்

"சத்தத்தைக் குறைங்கப்பா" என்பவர்களோடும் எனக்குச் சண்டை, "பாக்ஸ் போட்டா ஊரே அதிரணும்" என்பவர்களோடும் சண்டை. இரண்டு தரப்புக்கும் எவ்வளவு சத்தம் என்பதுதான் கவலை. அந்தச் சத்தம் எங்கே போய் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

போன பங்குனியில், ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. வள்ளி திருமணம் நாடகம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ், அடியில் 18 இன்ச் பேஸ் பெட்டிகள். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பின்னால் வேப்பமரத்தடியில் என் அப்பத்தா. வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணுகிற இடத்தை வரி பிசகாமல் சொல்லக்கூடியவள். "தும் தும்முனுதான்டா கேக்குது, ஒரு வார்த்தை வெளங்கல" என்று பாதியில் எழுந்து போனாள். மேடைக்குப் பின்தெருவில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியப்பா வீட்டுத் தகரக் கதவு நாடகம் முடியும்வரை அதிர்ந்துகொண்டே இருந்தது.

கேட்க வந்தவளுக்குக் கேட்கவில்லை. கேட்க விரும்பாதவருக்கு நெஞ்சுவரை போய்ச் சேர்ந்தது. சத்தத்தைக் குறைத்திருந்தால் அப்பத்தாவுக்கு இன்னும் கேட்டிருக்காது. கூட்டியிருந்தால் பிள்ளைகளின் காது போயிருக்கும்.

காரணம் எளிது. நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் 7 மீட்டர். ஒரு மீட்டர் அகலப் பெட்டிக்கு அவ்வளவு பெரிய அலையை ஒரு திசையில் பிடித்து அனுப்பத் தெம்பு கிடையாது. முன்னால் போகும் அளவே பின்னாலும் போகும், வீட்டைச் சுற்றி வளைந்தும் போகும். எந்த ஸ்வரமானாலும் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இழக்கும். 2 மீட்டரில் 112 என்றால் 32 மீட்டரில் 88. பாட்டின் வார்த்தையைச் சுமக்கிற மேல் ஸ்வரங்களையோ நடுவில் கூட்டமும் பந்தலும் வேறு தின்றுவிடும்.

இரண்டு பக்கமும் பேஸைப் பிரித்து வைப்பது அடுத்த கோளாறு. மைதானத்தின் நடுக்கோட்டில் இரண்டும் சேர்ந்து இடிக்கும். பக்கவாட்டில் தள்ளி நின்றால் சில இடங்களில் ஒன்றை ஒன்று தின்னும். அழகுக்காகச் சமமாக வைக்கிறோம், காதுக்குச் சமமாக வருவதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. அந்த அளவு 'ஏ' எடையில். அதாவது மனிதக் காது மெல்லிய சத்தத்தைக் கேட்கிற விதத்தைப் பின்பற்றி, மீட்டர் கீழ் ஸ்வரங்களைத் தள்ளுபடி செய்யும். 50 ஹெர்ட்ஸில் தள்ளுபடி ஏறக்குறைய 30 டெசிபல். பெரியப்பா வீட்டு வாசலில் 85 டெசிபல் பேஸ் அடித்தால் மீட்டர் 55 என்று காட்டும். கதவு அதிரும், பகல் கணக்குப்படி குற்றமில்லை! 'சி' எடையில் அளந்தால் இந்தத் தள்ளுபடி ஒரு டெசிபல் சொச்சம்தான். பழைய குழாய்களை இறக்கச் சொன்னவர்கள் இந்த மீட்டரை மாற்றச் சொல்லவில்லை.

குழாய்க்கு வக்காலத்து வாங்கவில்லை. அது காதைக் கிழிக்கும். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய அந்த மைக்செட்காரர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: சத்தத்தை ஓரிடத்தில் குவிக்காமல், ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதையே இன்றைய சாமானில் செய்யலாம். மைதானத்தின் நடுவில், 28 மீட்டர் தள்ளி இரண்டு சின்னப் பெட்டிகள், 80 மில்லிசெகண்ட் தாமதத்தோடு. அப்பத்தாவுக்கு வார்த்தை கேட்கும், முன்வரிசையில் சத்தத்தையும் குறைக்கலாம். பேஸ் பெட்டிகளை ஒரே இடமாக மேடையின் முன் நடுவில் வைக்கலாம். மூன்றில் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி, துருவத்தை மாற்றி, சில மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால் மேடைக்குப் பின்னால் பேஸ் 10 டெசிபலுக்கு மேல் குறையும். முன்னால் கொஞ்சம் நஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. பெரிய நகரக் கச்சேரிகளில் இது சாதாரண வேலை. புதிதாக வாங்க வேண்டியது, தாமதம் கொடுக்கிற ஒரு சின்னக் கருவி மட்டும்.

இதைத்தான் மைக்செட் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீங்க சொல்றது சரிதான். ஆனா பாக்ஸைத் திருப்பி வச்சா, ஊர்க்காரங்க என்னையத் திருப்பி அனுப்பிருவாங்க. பக்கத்து ஊரு எத்தனை பெட்டி போட்டாங்கன்னு எண்ணித்தான் எனக்குக் காசு."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? காசு கொடுப்பது நாம். பெட்டியைக் காதால் கேட்காமல் கண்ணால் எண்ணுவதும் நாம். வெளியூரில் சம்பாதித்து வரி கட்டுகிற என்னை மாதிரிப் பையன்கள்தான் "போன வருஷத்தைவிட ரெண்டு பெட்டி கூட" என்று கமிட்டியில் கை தூக்குகிறோம். அப்புறம் அறைக்குத் திரும்பி, இரைச்சலை வெட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரின் ரசனை கெட்டுவிட்டதாகப் பதிவு போடுகிறோம்.

இந்த வருஷம் நான் கமிட்டியில் கேட்கப்போவது ஒன்றுதான். எத்தனை பெட்டி என்று ரசீதில் எழுதாதீர்கள். வேப்பமரத்தடியில் உட்காரும் கிழவிக்குத் தர்க்கம் கேட்க வேண்டும், பின்தெருவில் கதவு அதிரக் கூடாது என்று எழுதுங்கள். அதைச் செய்து காட்டுகிறவருக்குக் காசைக் கொடுங்கள். என் வரிப்பணத்தை அதற்குத்தான் கொடுப்பேன்.